முந்தின பாக்கெட் வந்து சேர்ந்தது

செவ்வாய்க்கிழமை காலை, கல்லில் தோசை ஊற்றிய கையோடு போனை எடுத்தேன். அத்திப்பள்ளியிலிருந்து லதா. "அக்கா, மஞ்சண்ணா போய்ட்டாருக்கா. காபி குடிச்சிட்டுச் சேர்ல சாஞ்சவரு, எந்திரிக்கவே இல்ல." அண்ணனைப் பறிகொடுத்த தங்கைக்கு என்ன ஆறுதல் சொல்வது? தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரித்தும் விட்டேன். மஞ்சுநாத் அவர்களை அறிந்தவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் எட்டே பேர் வேலை செய்த சின்னக் கம்பெனி எங்களுடையது. ஆலை இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்வோம். நான் கிருஷ்ணகிரிக்காரி, போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. மஞ்சுநாத் அவர்கள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து புரோகிராம் எழுதுவார். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் சார்.

வந்த முதல் நாளே, "எங்க வீட்ல கன்னடம் மேடம். ஆனா தமிழ் பேசுவேன், படிக்கவும் செய்வேன். பஸ் போர்டு பார்த்தே கத்துக்கிட்டேன்" என்று பெருமையடித்தார். ஓசூரில் இதெல்லாம் ஒரு பெருமையா! எங்கள் முதலாளி ரெட்டி சாருக்குக் கோபம் வந்தாலும் தெலுங்கு, சந்தோஷம் வந்தாலும் தெலுங்கு.

அவர் சேர்ந்த ஐந்தாம் மாதம் சூளகிரிப் பக்கத்து ஆலை ஒன்று நாற்பது இயந்திரங்களுக்குப் போர்டு கேட்டது. அதுவரை புரோகிராமில் ஒரு வரி மாறினாலும் இயந்திரத்தைத் திறந்து, சிப்பைப் பிடுங்கி, ஊதா விளக்கடியில் வைத்து அழித்து, மறுபடி எழுத வேண்டும். அந்தத் தொல்லையே கூடாது, புரோகிராம் கேபிள் வழியாகத் தானே வந்து ஏற வேண்டும் என்றார்கள். மின்சாரம் வந்ததும் போர்டில் முதலில் கண்விழிக்கும் குட்டிப் புரோகிராமுக்குப் பூட்லோடர் என்று பெயர். நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் கேட்டு, மீதியை நம்பர் போட்ட சின்னத் துண்டுகளாக, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ள அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதற்கான விதிகள் இருந்த ஆங்கிலப் புத்தகம் என்னிடம் இருந்தது. "அவ்ளோ பெரிய புக்குக்கு நேரம் இல்ல, தமிழ்லயே சுருக்கமா எழுதிக் குடுங்க மேடம், நான் படிச்சுக்கறேன்" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

போர்டைப் போட்டோம். முதல் பாக்கெட் வந்தது. "பந்த்து!" என்று கத்தினார், வந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் அதே முதல் பாக்கெட் வந்தது. மறுபடியும் அதுவே. திரையில் ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு வரவே இல்லை.

பத்து நாள் போராடினோம். கேபிளை மாற்றினோம், நெட்வொர்க் கார்டை மாற்றினோம், எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீசியனோடு சண்டை போட்டோம். மஞ்சுநாத் அவர்கள் மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். நான் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டினேன். மாதாவும் கைவிரித்துவிட்டார். "நான் எழுதினபடிதானே சார் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "அட்சரம் பிசகல மேடம்" என்றார்.

ரெட்டி சார் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை மாலைக்குள் இரண்டாம் பாக்கெட் வராவிட்டால் ஆர்டரும் போகும், பயிற்சிக் காலத்தில் இருக்கும் அவர் வேலையும் போகும் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. லதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. வேலையில்லாத அண்ணனாக எப்படி மணமேடைப் பக்கம் போய் நிற்பது?

சனிக்கிழமை மதியம். இருவரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, திடீரென்று, "வேலை இருந்தாலும் போனாலும் லதா கல்யாணத்துக்கு நீங்க வரணும் மேடம். முந்தின வாரம் வியாழக்கிழமை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நல்லா இருக்கே சார்! கல்யாணத்தை முடிச்சிட்டு இப்ப வந்து கூப்பிடுறீங்களா?"

"முடிச்சிட்டா? இன்னும் பந்தலே போடலயே!"

"நீங்கதானே முந்தின வாரம்னீங்க?"

"ஆமா, வர்ற வாரம்."

"முந்தினதுன்னா போன வாரம் சார்!"

"ஏன்ரீ மேடம், எங்க ஊர்க் கன்னடத்துல முந்தினன்னா அடுத்தது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "அய்யோ தேவரே!" என்று கத்திக்கொண்டு காலண்டர் தாளை எடுக்க ஓடினார். என் கையெழுத்தில் இருந்தது: 'அடுத்த பாக்கெட் வேண்டுமானால் முந்தின பாக்கெட்டின் நம்பரைத் திருப்பி அனுப்பவும்.' வந்து சேர்ந்த பாக்கெட்டின் நம்பரைச் சொல்லு என்று நான் எழுதியிருந்தேன். இனி வர வேண்டியதன் நம்பரைக் கேள் என்று அவர் படித்திருந்தார். ஒன்று வந்ததும் 'இரண்டு' என்று போர்டு பதில் சொல்ல, கம்ப்யூட்டரோ, ஒன்றே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்!

ஒரே ஒரு வரியை மாற்றினார். எரடு. மூறு. நால்கு. அவர் கன்னடத்தில் எண்ண, நான் தமிழில் எண்ண, சத்தம் கேட்டு வந்த ரெட்டி சார், "ஏமய்யா, அயிந்தா?" என்று, அதாவது முடிந்ததா என்று, கேட்டுவிட்டுத் தானும் தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். கடைசிப் பாக்கெட்டும் ஏறி, போர்டின் பச்சை விளக்கு எரிந்தது. யார் தப்பு என்று ரெட்டி சார் கேட்டார். மஞ்சுநாத் அவர்கள் நிமிர்ந்து நின்று, "எங்க ரெண்டு பேர் தப்பும் இல்ல சார். பார்டரோட தப்பு" என்றார். முதலாளி சிரித்த சிரிப்பில் அவர் வேலை நிரந்தரமாயிற்று.

லதா கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி என்னைக் கூட்டிப் போய், "இவங்கதான் முந்தின மேடம்" என்று அறிமுகப்படுத்தினார். பாதிப் பேர் ஒரு மாதிரியும் மீதிப் பேர் வேறு மாதிரியும் புரிந்துகொண்டிருப்பார்கள். அதன்பின் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனோம். ஆனாலும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் போன் செய்து, "முந்தின வருஷம் நல்லா இருக்கட்டும் மேடம்" என்பார். "முடிஞ்சு போனது எப்படி இருந்தா என்ன சார்" என்பேன். முப்பது வருடம் இதே வேடிக்கை, ஒரு தடவைகூட எங்களுக்குச் சலித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை போனை வைக்கும் முன் லதா சொன்னாள்: "காரியம் முந்தின ஞாயித்துக்கிழமைக்கா. வந்துருங்க." எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை.

போகிறேன் சார். போவதற்கு முன், விதிப்படி ஒரு பதில் அனுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பியது அத்தனையும், ஒன்று விடாமல், பந்த்து.