நூற்றில் தொடங்கிய விலாசம்

"வீட்டுக்குள்ள மேசைக்குக் கீழ கிடக்கிற பெட்டிய, கட்டார்ல இரிக்கிறவன் எப்பிடிப் புள்ள பாப்பான்? அவன் என்ன, உங்கட வளவுக்கா வரப்போறான்?"

மருதமுனையில் கைத்தறிச் சாரிக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த இல்ஃபாவும் சிரித்தாள். ஹாஜியார் சிரித்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

இந்தத் துறைக்கு இப்போது வரும் தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் சேர்வரை வெளியுலகத்துக்குத் திறப்பது எப்படி என்று சொல்லும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. நான் செய்த பிழையை அவற்றில் எங்கும் காணவில்லை.

1. இரண்டு பேர், ஒரு வேலை

ஹாஜியாரின் பிரச்சினை எளிமையானது. புதுச் சாரிகளின் படங்களைப் பொதுவில் போட்டால், இரண்டு கிழமைக்குள் அதே கரை, அதே பூ வேறு கடையில் தொங்கும். ஆகவே தன்னிடம் மொத்தமாக வாங்குகிறவர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டுப் பார்க்கும் ஒரு பக்கம் அவருக்கு வேண்டும். படங்கள் எங்கோ தெரியாத நாட்டுக் கணினியில் இருப்பதிலும் அவருக்கு விருப்பம் இல்லை. "படம் நமக்குத் தெரிஞ்ச ஆக்கள்ட வீட்டில இரிக்கணும்" என்றார்.

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் இரண்டு பேரின் பெயரைக் கொடுத்திருந்தார். ஒன்று நான், சாய்ந்தமருது. மற்றது இல்ஃபா, நிந்தவூர். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் பக்கத்தைக் காட்ட வேண்டும். கட்டாரில் உள்ள ஹாஜியாரின் மச்சினன் அங்கிருந்து திறந்து பார்ப்பார். யாருடையது நல்லதோ அவளுக்கு வேலை.

இல்ஃபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய வாப்பா அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளுக்குப் புதுக் கணினி, தனி அறை, கரண்ட் போனாலும் அணையாத யூபிஎஸ், வீட்டு வாசல் வரை ஃபைபர். இவை எதற்கும் நான் அவ்வளவாகப் பொறாமைப்படவில்லை. ஒருமுறை அவள் வகுப்பில் இருந்து வீட்டுக்குப் போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "போர்ட் திறந்தா மகள்?" என்று அவளுடைய வாப்பா கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குத்தான் பொறாமைப்பட்டேன். அந்த வார்த்தை விளங்கும் வாப்பா.

என் வாப்பா கரைவலை இழுக்கிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். உம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பாஸ் பண்ணிய முதல் ஆள் நான், ஏ.எல். எழுதிய முதல் ஆள் நான், கணினியைக் கழற்றி மறுபடி பூட்டிய முதல் ஆளும் நான்தான். கல்முனையில் மூடப்பட்ட ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து வாங்கிய பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸ் போட்டு, அதை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன். அதுதான் ஹாஜியார் சொன்ன பெட்டி.

2. வளவு முழுக்க வேலை செய்தது

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்து வருகிறவர் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரே வளவுக்குள் உம்மாவின் வீடு, என் மூத்த சகோதரி ராத்தாவின் வீடு, சின்னம்மாவின் வீடு, எனக்கென்று சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நிற்கும் வீடு எல்லாம் இருக்கின்றன. மூன்று வீட்டுக்கும் ஒரே ரௌட்டர். ராத்தாவின் வீட்டுச் சுவரில் ஒரு வைஃபை ரிப்பீட்டர். இந்த விபரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் போர்ட் ஃபோவர்டிங் செய்தேன். அதாவது வெளியில் இருந்து வருகிறவரை ரௌட்டர் நேரே என் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அதே பக்கத்தில் WAN என்ற இடத்தில், நூற்றில் தொடங்கும் ஒரு விலாசம் இருந்தது. அதுதான் எங்கள் வீட்டின் இணைய விலாசம் என்று எடுத்து, பதிவு செய்த இலவச இணையதளப் பெயரோடு இணைத்தேன். என் போனில் பெயரை அடித்தேன். பக்கம் வந்தது. உடனே ராத்தாவுக்கு அழைத்தேன்.

"ராத்தா, உங்கட வீட்டில இருந்து திறந்து பாருங்களேன்."

"ஓம் புள்ள, வந்திரிச்சி. நீலச் சாரி பளிச்செண்டு இரிக்கி. இது எனக்கு எடுக்கேலுமா?"

"அது ஹாஜியார்ட."

"அப்ப என்னத்துக்குக் காட்டுற?"

சின்னம்மா திறந்தார், அவருடைய மகள்மார் திறந்தார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து எங்கள் வைஃபையில் தொங்கிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு மாமியும் திறந்தார். எல்லாருக்கும் வந்தது. வாப்பா தன் போனைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாமல், வாசலில் நின்று கூட்டாளிமாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "என்ட மகள் வீட்டுக்குள்ள இருந்து உலகத்துக்கே காட்டுறா, பாருங்க."

வியாழக்கிழமை வரை இருந்த அந்த நான்கு நாளும் நான் வாசல் படலையைத் தாண்டவில்லை. படங்களை அடுக்குவதில் இருந்தேன். உம்மா கல்யாணத்துக்கு முந்தி மருதமுனைத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் வாங்குகிறவரின் கண் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரை, தலைப்பு, உடல் என்று பிரித்து, எதைத் தொட்டாலும் அதே வகையில் மற்றச் சாரிகள் வரும்படி செய்தேன். இல்ஃபாவால் இதைச் செய்ய ஏலாது என்று நினைக்க நினைக்க வேலை சுறுக்காக நடந்தது.

3. வியாழக்கிழமை

கடையில் ஹாஜியார் மச்சினனை வீடியோ அழைப்பில் எடுத்து வைத்திருந்தார். முதலில் இல்ஃபாவின் பக்கம். படங்கள் வரிசையாக, பாடசாலை ஆல்பம் மாதிரி இருந்தன. கட்டாரில் இருந்து, "ஆ, திறந்திச்சி மச்சான்" என்று குரல் வந்தது.

அடுத்தது என்னுடையது.

"சுத்துது மச்சான்."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"இன்னும் சுத்துது. இந்தப் புள்ளைட கடை பூட்டியா இரிக்கி?"

என் போனில் அடித்தேன். சுற்றியது. ஹாஜியாரின் போனிலும் அப்படியே. ராத்தாவுக்கு அழைத்தேன். "இஞ்ச நல்லா வருதுகா, என்ன நீ?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்ட் இருக்கிறது, பெட்டி ஓடுகிறது, வீட்டில் தெரிகிறது, இங்கே இல்லை.

இல்ஃபா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "ரௌட்டர்ல WAN விலாசம் என்னத்துல தொடங்குது?"

"நூறு."

"அடுத்த எண்?"

சொன்னேன்.

"அப்ப அது வெளி விலாசம் இல்ல, ஹஸ்னா. இன்டர்நெட் கம்பெனி உள்ளுக்குள்ள பங்கு வைக்கிற விலாசம். வெளியால கனபேருக்கு ஒரே விலாசம்தான். உன்ட படலைய நீ திறந்து வெச்சிரிக்காய், ரோட்டுக் கேற்றுக்குத் திறப்பு கம்பெனிட கையில."

"வீட்டில எல்லாருக்கும் வந்திச்சே."

"எல்லாரும் ஆரு? உன்ட வைஃபையில இரிக்கிறவங்கதானே?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. வளவுக்குள் இருப்பவர்கள் அந்த விலாசத்தைக் கேட்டால், அது தன்னுடையதுதான் என்று ரௌட்டர் அடையாளம் கண்டு அவர்களைத் திருப்பி என் பெட்டிக்கு அனுப்பிவிடும். அதனால்தான் ராத்தாவுக்கும் சின்னம்மாவுக்கும் வேலி மாமிக்கும் வந்தது. அவர்கள் ஒருவரும் வெளியில் இல்லை. இதை எனக்குச் சொல்லித் தந்தவள் இல்ஃபாவாக இருந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன்.

கூடக் கொண்டுபோயிருந்த பழைய மடிக்கணினியில் இருந்த பிரதியை ஹாஜியாருக்குக் காட்டினேன். ஒரு கரையைத் தொட்டார். அதே கரையில் ஆறு சாரி வந்தது. மறுபடி தொட்டார்.

"இது ஆர் சொல்லித்தந்த?"

"உம்மா."

"சனிக்கிழமை ளுஹர் தொழுகைக்குள்ள கட்டார்ல தெரியணும். தெரியாட்டி இல்ஃபாட சரி."

4. நிந்தவூர் பஸ்

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்கு அழைத்தேன். தனி வெளி விலாசம் தருவார்களாம். ஆனால் இணைப்பு யார் பெயரிலோ அவரே வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். இணைப்பு மச்சானின் பெயரில். ராத்தாவின் கணவர், ரியாத்தில் இருக்கிறார்.

மிஞ்சியது ஒரே வழி. டனல். வெளியில் இருந்து யாரும் எங்கள் வீட்டுக்குள் வர முடியாது, ஆனால் என் பெட்டி வெளியே போகலாம். வெளி விலாசம் உள்ள ஒரு கணினிக்கு என் பெட்டி ஓர் இணைப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர் அந்தக் கணினியைத் தட்டினால், அது அவரை அந்த இணைப்பு வழியாக என்னிடம் அனுப்பும். வெளிநாட்டில் அப்படி ஒரு கணினியை வாடகைக்கு எடுக்கலாம். அதற்குக் கிரெடிட் கார்ட் வேண்டும். எங்கள் வளவில் யாரிடமும் அது இல்லை.

வெளி விலாசம் உள்ள கணினி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

உம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். காரைதீவைத் தாண்டும்வரை திரும்பிப் போய்விடலாம் என்றே இருந்தேன். இல்ஃபா கதவைத் திறந்தாள். அவளுடைய அறை நான் நினைத்ததைவிடச் சின்னது, நான் நினைத்ததைவிட ஒழுங்கு. யூபிஎஸ்ஸின் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"டனலுக்கா வந்த?" என்றாள்.

"ஓம்."

"நான் விட்டா நீ வெல்லுவாய். தெரியுமா?"

"தெரியும்."

"கேக்க வெக்கமா இல்லயா உனக்கு?"

"இரிக்கி. பஸ்ஸில வரக்குள்ள முழுக்க இருந்திச்சி."

அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள். "கரையத் தொட்டா மத்தச் சாரி எல்லாம் வருதே, அத எப்பிடிச் செஞ்ச எண்டு காட்டு. ரெண்டு நாளா மண்டைய உடைக்கிறன், வருகுதில்ல."

வியாழன் பின்னேரத்தில் இருந்து அவள் என்னுடையதைப் போலச் செய்ய முயன்றிருக்கிறாள். வெள்ளி காலையைச் சேர்த்தாலும் இரண்டு நாள் இல்லை. அவள் கணக்கில் அது இரண்டு நாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக் கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

காட்டினேன். அவள் தன் சேர்வரில் எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தாள். கடவுச்சொல்லை எடுத்துவிட்டுத் திறவுகோல் கோப்பால் மட்டும் நுழையும்படி வைத்தாள். "திறந்த உடன தெரியாத ஆக்கள் வந்து கதவ ஆட்டிப் பாப்பாங்க" என்று பதிவுப் பட்டியலைக் காட்டினாள். உண்மைதான். எந்தெந்த நாட்டில் இருந்தோ, நிமிடத்துக்குப் பல தடவை. இதையும் அவளிடம்தான் படித்தேன். பிறகு ராத்தாவுக்குப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, வீட்டில் இருந்த என் பெட்டி இல்ஃபாவின் சேர்வரோடு இணையும்படி செய்தேன்.

திரும்பும்போது நிந்தவூர் பஸ் தரிப்பில் நின்று, டேட்டாவில் என் பக்கத்தைத் திறந்தேன். வந்தது. பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஒருவரிடம் கேட்டு அவருடைய போனிலும் கடவுச்சொல் போட்டுத் திறந்தேன். அவர் சாரியைப் பார்த்துவிட்டு, "நல்லா இரிக்கி மகள், விலை என்ன?" என்றார். என் பக்கத்தை வெளியில் இருந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

5. ஹாஜியாரின் தீர்ப்பு

சனிக்கிழமை கட்டாரில் திறந்தது. மச்சினன் கரைகளைத் தொட்டுத் தொட்டு நிறைய நேரம் எடுத்தார். ஹாஜியார் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கேட்டார்: "இப்ப எப்பிடிப் புள்ள வந்திச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்ஃபா பக்கத்தில் இருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். "இல்ஃபாட பெட்டிக்கால வருகுது, ஹாஜியார்."

"அப்ப அவட வீட்டில கரண்ட் போனா?"

"யூபிஎஸ் இரிக்கி" என்றாள் இல்ஃபா.

"அவ கோவிச்சிக்கிட்டா?"

இல்ஃபா என்னைப் பார்த்தாள்.

"அப்ப பெட்டி இல்ஃபாட வீட்டிலேயே இரிக்கட்டும். படம் அடுக்கிற வேலைய நீ செய், புள்ள. உன்ட கை நல்லம்."

அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. வியாபாரி அப்படித்தான் யோசிப்பார். ஆனால் மேசைக்குக் கீழே நான் வளர்த்த சேர்வரை அன்றைக்கு நானே அணைத்தேன். "என்ட மகள் வீட்டுக்குள்ள இருந்து" என்று சொல்ல வாப்பாவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இல்ஃபா மேல் இருந்த அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை புதுப் படங்களை இல்ஃபாவின் சேர்வருக்கு ஏற்றும்போது, அந்தப் பச்சை வெளிச்சம் ஞாபகம் வரும்.

நான் படித்தது இவ்வளவுதான். ரௌட்டரில் தெரியும் விலாசத்தையும், உங்கள் விலாசத்தைச் சொல்லும் வெளித் தளம் ஒன்று காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், போர்ட் எத்தனை திறந்தும் பயன் இல்லை. சோதிக்கும்போது வைஃபையை அணையுங்கள். அணைத்துவிட்டு, உங்களை யார் என்று தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். வளவுக்குள் இருப்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தெரிகிறது. அதனால்தான் அவர்களை வைத்துச் சோதிக்கக்கூடாது.

போன மாதம் கல்முனைக்குப் போய் என் பெயரில் ஓர் இணைப்புக்கு விண்ணப்பித்தேன். வெளி விலாசத்துக்கான தாளில் நானே கையெழுத்து வைத்தேன். வாப்பாவும் கூட வந்தார். நான் எழுதி முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் தகரக் கூரை போட்டோம், உம்மாவின் வீட்டில் இருந்து கரண்ட் இழுத்தோம். கதவு மாட்ட முந்தியே ஃபைபர் வந்துவிட்டது. ரௌட்டரின் WAN விலாசமும் வெளியில் தெரியும் விலாசமும் ஒன்று. அது நூற்றில் தொடங்கவில்லை.

முதல் வாடிக்கையாளரும் வந்துவிட்டார். கல்யாண உடுப்புத் தைக்கும் ஒரு கடை. அதன் படங்கள் எல்லாம் இன்று காலையில் இருந்து என் தகரத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் இருக்கின்றன. கடை இருப்பது நிந்தவூரில், இல்ஃபாவின் வீட்டுக்கு நேர் எதிரே.