ஒரு டம்ளர் திராட்சரசமும் என் லைசென்ஸும்

நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதை எங்கே சொன்னாலும் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செங்கல்பட்டு கோர்ட்டில் என் மேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் நடந்ததும் உண்மைதானே.

எனக்குத் தொழில் ஸ்கூல் வேன் ஓட்டுவது. சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றி ஐந்தாறு ஊர்ப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றுவேன், சாயங்காலம் இறக்குவேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நான். பொம்பளைக்கு எதுக்கு வேன் என்று கேட்ட வாய்களை ஒரே வருஷத்தில் மூட வைத்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவளத்துச் சபையில் அறுப்பின் பண்டிகை. எங்கள் பாடகர் குழுப் பெண்கள் பத்துப் பேரை என் வேனில் அழைத்துப் போக வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் கோயிலில் காலை ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து. ஆனால் சபையில் பாதிப் பேர் விடியும்போதே பஸ் ஏறிக் கோவளம் போய்விட்டார்கள். பாஸ்டர் அது தெரியாமல் வழக்கமான கணக்குக்குத் திராட்சரசத்தை ஊற்றி ஜெபம் செய்துவிட்டார். எல்லாரும் வாங்கிய பிறகும் பாத்திரத்தில் ஒரு டம்ளர் அளவு மிச்சம்.

ஜெபித்த ரசத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது, வாஷ்பேசினில் கொட்டவும் கூடாது. யாராவது அங்கேயே பருகி முடிக்க வேண்டும். பாஸ்டருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. கமிட்டி மெம்பர் என்று பக்கத்தில் நின்றவள் நான். "நீயே முடிச்சிடும்மா" என்றார். பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தேன். திருவிருந்துக்கு முன்னால் சாப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ஆகவே வெறும் வயிறு. தொண்டை கதகதவென்றது. கிராம்பு தூக்கலோ என்று நினைத்தேன்.

அந்த ரசத்தைச் செய்தவர் பாஸ்டரம்மா. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை. பீங்கான் ஜாடியில் போட்டுத் துணியால் வாய் கட்டி நாற்பது நாள் வைப்பார். "ஜூஸுடி இது, பச்சப் புள்ளைக்கே குடுக்கலாம்" என்பார். சபை முழுக்க நம்பினோம்.

பாத்திரத்தைக் கழுவி வைத்த கையோடு வேனை எடுத்தேன். மாமல்லபுரம் வருவதற்குள் ரோட்டில் போலீஸ். சனிக்கிழமை ரிசார்ட்டில் கூத்தடித்துவிட்டு மறுநாள் காலையில் கார் எடுப்பவர்களைப் பிடிக்க நிற்பார்கள். ஊதச் சொன்னார்கள். சந்தோஷமாக ஊதினேன். மிஷின் கீக்கீ என்று கத்தியது. ஐம்பத்தெட்டு. முப்பதைத் தாண்டினால் கேஸ்.

"இன்னாம்மா இது? காலங்காத்தால ஏத்திக்கினு வந்துகிற?" என்றார் கான்ஸ்டபிள்.

"யாரப் பாத்து இன்னா பேசுற? உன் மிஷின் ரிப்பேரு. நான் குடிக்கவே இல்ல."

பொய் சொல்லவில்லை. பீடத்தருகே வாங்குவது குடியில் சேரும் என்று என் புத்தியில் எட்டவே இல்லை. அதே கோபத்தில், குடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வடிகட்டின முட்டாள்தனம். ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். "மிஷின நம்பாத, ரத்தம் எடு" என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். லைசென்ஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, என்னை ஜீப்பில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பாடகர் குழு சும்மா இருக்குமா? எனக்காகப் புங்கமரத்தடியில் நின்று நாலு குரலில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கார்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. தாங்க முடியாமல் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளையே வேன் ஓட்டச் சொல்லிக் கோவளம் அனுப்பினாராம். அங்கே அவரை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துச் சால்வை போர்த்தி, பிரியாணி போட்டு அனுப்பினார்கள். நான் ஜீப்பில் பட்டினி.

திருக்கழுக்குன்றத்து வக்கீலம்மா ஒருவரைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அன்னைக்குக் காலையிலேர்ந்து வாயில என்னென்ன போச்சு? தண்ணியில ஆரம்பிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் சாப்பிடல. திருவிருந்து மட்டும்தான்."

பேனா நின்றது. "எவ்ளோ?"

"ஒரு டம்ளர்."

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் கழித்து எனக்கே விஷயம் உறைத்தது, நானும் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

தப்பை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்றார்கள் எல்லாரும். வக்கீலம்மா மட்டும் வேண்டாம் என்றார். ஒத்துக்கொண்டால் லைசென்ஸைச் சஸ்பெண்ட் செய்வார்கள், அப்புறம் எந்த ஸ்கூலும் என்னைச் சேர்க்காது. ஏற்கெனவே ஸ்கூலில் வேறு வேனையும் டிரைவரையும் போட்டிருந்தார்கள். பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் ஒரு அம்மா 'குடிகாரி' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வழக்காடினேன்.

ரத்த ரிப்போர்ட் வந்தது. பதினேழு. நான் துள்ளினேன். வக்கீலம்மா உட்காரச் சொன்னார். "மிஷின்ல அம்பத்தெட்டு. நீங்க குடிக்கலேன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. வாயில அப்பத்தான் பட்ட ஒயின் மிஷின ஏமாத்திடுச்சுன்னு காட்டணும். அது ஒயின்னு செஞ்சவங்களே வந்து சொல்லணும்."

பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "என் கையால செஞ்சத சாராயம்னு கோர்ட்ல சொல்லச் சொல்றியா?" என்று கதவைச் சாத்திவிட்டார். மூன்று ஞாயிறு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வணங்காமுடி, இரண்டாம் தரம் போய்க் கேட்கவில்லை. வீட்டில் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வேன் வாசலில் சும்மா நின்று தூசி படிந்தது.

சாட்சி சொல்லும் நாளில் பாஸ்டர் மட்டும் வருவார் என்று நினைத்தேன். பின்னாலேயே பாஸ்டரம்மா வந்தார், வெள்ளைப் புடவை, கையில் குடை. கூண்டில் ஏறினார். ஜூஸா ஒயினா என்று வக்கீலம்மா கேட்டார்.

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார்: "நாப்பது நாள் ஊறுச்சின்னா ஒயின்தாம்மா. எனக்குத் தெரியும். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னுதான் ஜூஸு ஜூஸுன்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அது வேன் ஓட்டுனாத்தான் புள்ளைங்க பத்திரமா வூடு வந்து சேரும்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் அம்மாவும் குனிந்து பேப்பரில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். நான் சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. வாயில் பட்டதும் ஊத வைத்த மிஷினின் கணக்கு நிற்காது, ரத்தத்தில் அளவு தாண்டவில்லை, விடுதலை. ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் அனுப்பியிருந்த சஸ்பெண்ட் நோட்டீஸை முடித்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆபீஸ் வாசலிலேயே அதற்கு முத்தம் கொடுத்தேன். பாஸ்டரம்மாவைக் கட்டிப்பிடித்தேன். "வுடுடி, உன்னால என் மானமே போச்சு" என்றார். "கோர்ட்ல மூணு வக்கீலுங்க உங்ககிட்ட ஒயின் செய்ற பக்குவம் கேட்டாங்களே, அது மானம் போனதா?" என்றேன். குடையால் ஒன்று போட்டார்.

ஸ்கூலில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வேனைக் கழுவி எடுத்தேன். முதல் ஸ்டாப்பில் குரூப்பில் அந்த வார்த்தையை எழுதிய அம்மா, யூ.கே.ஜி. படிக்கும் மகளோடு நின்றார். பெண்ணை ஏற்றுவாரா, கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவாரா? கதவைத் திறந்தேன். குட்டி படியில் கால் வைக்காமல் இடுப்பில் கை வைத்து நின்றது.

"ஆன்ட்டி, ஊதுங்க."

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. நான் இறங்கி, மண்டி போட்டு, அதன் மூக்குக்கு நேராக ஊதினேன். அது கண்ணை மூடி நன்றாக மோந்து பார்த்தது.

"இட்லி, சட்னி," என்று அம்மாவிடம் அறிவித்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தது.

"ஸாரிக்கா," என்றார் அந்த அம்மா, பையை என்னிடம் நீட்டியபடி. பையை வாங்கிக் குட்டியின் பக்கத்தில் வைத்தேன். உள்ளே இருந்து குட்டி கத்தியது, இனி யார் ஏறினாலும் ஆன்ட்டி ஊத வேண்டுமாம். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி இறங்கி ஊதினேன். ஸ்கூலுக்குப் பத்து நிமிஷம் லேட்.