மூன்று கிழமை முந்திய வயல்

எங்கள் ஊர் வயல்வெளியான வட்டை முழுவதும் உழுத மண்ணாகக் கிடக்க, நடுவில் இரண்டு ஏக்கர் மட்டும் பச்சை பிடித்திருந்த அந்தக் காலை எனக்கு மறக்காது. அது அக்காவின் சீதனக் காணி. விதைத்தவர் அத்தான். வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் விதைப்பு நாளைக் கூட்டம் கூடித்தான் தீர்மானிப்போம். வயல் வேலைகளுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் நாளைச் சொல்வார், கை தூக்குவோம், அதன் பிறகு எவரும் முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. அத்தான் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், முந்தினார்.

பிடிவாதத்தில் செய்ததல்ல. சில வருடங்களாகக் கதிர் முற்றும் நேரம் பார்த்து மழை கொட்டி, வாவித் தண்ணீர் வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முன்பு அப்படி இல்லை. முந்தி விதைத்து முந்தி வெட்டுவோம் என்று அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். பழகிய நாளைக் கைவிட எவருக்கும் மனமில்லை, சிலர் சிரித்தார்கள். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். என்றாலும் ஊரைப் பகைக்கப் பயந்து நானும் பழைய நாளுக்கே கை தூக்கினேன். திரும்பி வரும் வழியில் அவர் கோபிக்கவில்லை.

"நீயும் விதைச்சா ரெண்டு வயலாகும் மச்சான். மறுகா காவலுக்கும் ரெண்டு பேர் இருப்பம்," என்று மட்டும் சொன்னார். பார்ப்போம் என்று மழுப்பினேன்.

ஒரே நாளில் விதைப்பதன் அருமை எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. எல்லா வயலும் ஒன்றாக விளைந்தால் சுற்றிவரக் காவல் பரண்கள் இருக்கும். ஒரு பரணில் கூப்பிட்டால் மறு பரணில் கேட்கும். அந்த வருடம் முந்தி விளைந்தது ஒரே வயல், பரணும் ஒன்றுதான். காட்டிலிருந்து இறங்கிய யானைக்கும் போக வேறு வயல் இல்லை. விடியும் நேரத்தில் அது அத்தானை அடித்துக் கொன்றது. அவர் கூப்பிட்டிருப்பார். நான் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவரை அடக்கம் செய்து மூன்றாம் கிழமை மழை பிடித்தது. எங்கள் நெல் தண்ணீரில் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. எனக்கு அதற்காக அழுகை வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் விதானையார் அத்தானின் நாளையே சொன்னார். இன்றைக்கும் அதுதான் ஊர் வழக்கம். அன்று எல்லாக் கையும் உயர்ந்தது. காணிக்காரியாக வந்திருந்த அக்காவின் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன. நாள் பிடிக்கவில்லையா என்று விதானையார் மெல்லக் கேட்டார்.

"நாள் சரிதான். அவர் சொன்ன நாள்தானே," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த முறை காவலுக்கு வருவியா தம்பி?"