விக்னராஜாவின் முன்பல்

மெல்பேர்னின் டண்டினோங்கில் அடிபட்ட கார்களை நிமிர்த்தும் கராஜ் வைத்திருக்கும் பாலாவுக்கு விக்னராஜா மேல் ஏழு வருடக் கோபம் ஒன்று உண்டு. பாலாவின் இருபத்தைந்தாவது கலியாண நாள் விருந்தில் ட்ரம்பெட் வாசிக்க வந்த மனுசன், பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

விக்னராஜாவின் வாசிப்பு அப்படி. நாலு சுரம் ஊதுவார். பிறகு ட்ரம்பெட்டை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பார். தாளம் மட்டும் ஓடும். அந்தச் சும்மா நிற்பதும் வாசிப்புத்தான். மண்டபத்தில் யாருக்கு அது தெரியும்? பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து பாலாவின் மச்சான் மைக்கைப் பிடித்தார். "வாசலை மறிச்சு நிக்கிற வெள்ளை வானை உடனை எடுங்கோ. றோல்ஸ் சுடச்சுட வந்திருக்கு." சனம் றோல்ஸுக்கு எழும்பியது.

"நீங்கள் விடாமல் ஊதியிருந்தா அவன் ஏன் மைக்கைத் தொடப்போறான்?" என்று மறுநாள் போனில் பாலா கேட்டார்.

"விடாமல் ஊத நான் என்ன கப்பலே?" என்றார் விக்னராஜா.

ஆனாலும் ஞாயிறு பின்னேரங்களில் அவர் பாண்டோடு வாசிக்கும் பிரன்ஸ்விக் பாருக்குத் தன் வானில் அவரை ஏற்றிப்போனது பாலாதான். விக்னராஜாவுக்குக் கார் ஓட வராது. கோபம் வேறு, வான் வேறு.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுப்பு பாண்டில் ஊதிப் பழகியவர் அவர். மெல்பேர்ன் வந்து கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மேசையில் ராமிரோ என்றொரு கொலம்பியாக்காரர். இரண்டு ஸ்பானர்களை ஒன்றோடொன்று தட்டி, முதலில் மூன்று அடி, பிறகு இரண்டு அடி என்று நாள் முழுக்க அதையே வாசிப்பார். ஒருநாள் விக்னராஜா ட்ரம்பெட்டைக் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு நேரம் அந்த அடிகளுக்கு நடுவே ஊதினார். ராமிரோ சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். அந்த வருடமே ராமிரோ பியானோவில் இருக்க, லத்தீன் ஜாஸ் பாண்ட் ஒன்று தொடங்கியது. தொழிற்சாலை மூடி வருடக்கணக்கான பிறகும் பாண்ட் நிற்கவில்லை.

லத்தீன் ஜாஸ் ட்ரம்பெட் என்றால் மேலே ஏறிப் பிளிறும் என்றுதான் வருகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். இவர் நடு ஸ்தாயியை விட்டு ஏறமாட்டார். ட்ரம்பெட்டின் விசைக் கட்டையைப் பாதி அழுத்தி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவார். எப்போதும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருவார்.

"கலியாணக் கார்ட்டிலை ஆறு மணி எண்டு அடிச்சா எட்டு மணிக்கு வாற சனம்தானே நாங்கள். உங்கட ட்ரம்பெட்டும் எங்கட ஆள்தான்" என்பார் பாலா.

"ஆனா அது வந்தாப் பிறகு பந்திக்கு அடிபடுறேல்லை" என்பார் அவர்.

அறுபத்துநாலு வயதில் மேல் முன்பல் ஆடத் தொடங்கியது. எடுக்கத்தான் வேண்டும், பக்கத்துப் பல்லும் சேர்ந்து வரும் என்றார் பல் டாக்டர். திங்கட்கிழமைக்கு நாள் குறித்தார்கள். ட்ரம்பெட்டின் வாய் இத்தனை வருடமும் அந்தப் பல்லின் மேல்தான் உட்கார்ந்தது. கட்டுப்பல்லோடு ஊதுவதென்றால் முதலிலிருந்து பழக வேண்டும். பழகினாலும் அந்தச் சத்தம் வராது.

அதற்கு முதல்நாள் ஞாயிறு அவர் வாசிக்கப் போனார். வாயை இடப்பக்கம் தள்ளி வைத்து ஊதினார். இரண்டாவது பாட்டில் சுரம் உடைந்தது, மூன்றாவதில் காற்றுத்தான் வந்தது. பியானோவில் இருந்த ராமிரோ சிரித்துக்கொண்டே தோளைத் தட்டி, "அடுத்த கிழமையும் வா. உன்னுடைய பாதியே எங்களுக்குப் போதும்" என்றார். விக்னராஜா தலையாட்டினார்.

வானில் ஏறிக் கைலேஞ்சியால் உதட்டு இரத்தத்தை ஒற்றினார். பாலாவுக்குப் பூசி மெழுக வராது.

"அண்ணை, இண்டைக்குக் கேவலம்."

"தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டும் 'வா' எண்டுறான் பார்."

பல் எடுத்த அடுத்த மாதமே விக்னராஜா சிட்னியில் இருக்கும் மகள் மயூராவிடம் குடிபோய்விட்டார். பாலாவிடம் அவர் கடைசியாக ஒன்று கேட்டது அந்தத் திங்கட்கிழமை, பல் டாக்டரின் வரவேற்பறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோதுதான். தன்னுடைய போனை எடுத்து பாலாவின் கையில் வைத்தார்.

"ராமிரோவுக்கு அடி. நான் இனி வரமாட்டன் எண்டு சொல்லு. பல்லைப் பற்றிப் பேசாதை. நிப்பாட்டிப்போட்டார் எண்டு மட்டும் சொல்லு."

"உங்கட வாய் இன்னும் விறைக்கேல்லைத்தானே. நீங்களே சொல்லுங்கோவன்."

"நான் சொன்னா அவன் வா எண்டுவான், பாலா. நான் போயிடுவன். நீ சொல்லு."