மேலேயா, கீழேயா

ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் பேஸ்பால் ஆடுகிறாள். போன கோடையில் அவளுடைய அணி ஓர் ஆட்டத்தைப் பழைய முறையில் ஆடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆடிய முறையாம். கையுறை கிடையாது. வெறுங்கையால் பந்தைப் பிடித்துவிட்டு எல்லோரும் விரல்களை உதறிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு விதி. பந்து மேலாக வர வேண்டுமா, கீழாக வர வேண்டுமா என்று அடிப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் எறிய வேண்டும். ஊரில் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் காலைக் குறிபார்த்துத்தான் எறிவார்கள். எங்களை யார் கேட்டது?

மகளின் முறை வந்தது. நடுவர் கேட்டார். "எகால்," என்றாள் ஜெர்மன் மொழியில். எதுவானாலும் பரவாயில்லையாம். வந்த மூன்று பந்தும் அவள் மட்டையில் படாமல் ஆட்டமிழந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன்.

"விரும்பினதைக் கேக்கச் சொல்லி ஒரு சட்டமே வச்சிருக்கினம். நீ ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எந்த ஷிஃப்ட் வேணுமெண்டு வேலையால ஃபோன் எடுத்துக் கேட்டா, நீங்களும் எகால் எண்டுதானே சொல்லுறனீங்கள், அப்பா."

நான் காரை எடுத்தேன். அன்றைக்கும் எனக்கு இரவு வேலைதான்.