அரசகுமாரியின் கிளி

ஞானராசா மாஸ்டர் காலமானார் என்று அவருடைய மகள் தெல்லிப்பழை ஆசுபத்திரியிலிருந்து அழைத்துச் சொன்னபோது, நான் அவருக்குத்தான் கோபமாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அழுதேன். அழுது முடிந்த பிறகும் கோபம் போகவில்லை. அவரோடு பழகிய உங்களுக்கு இது விளங்கும்.

ஒரே பாடசாலையில் அவர் கணிதமும் நான் தமிழும் படிப்பித்தோம். ஓய்வுபெற்ற பின் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுகளைப் பற்றி இருவருமாகப் புத்தகம் எழுதத் தொடங்கினோம். மனிதர் எழுத விட்டால்தானே? கிட்டிப்புள்ளின் பெரிய தடி எத்தனை சாண் என்பதில் வட்டுக்கோட்டையும் மயிலிட்டியும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மாதம் போனது. போர்த்தேங்காய் விளையாட்டுக்கு எது வலிய தேங்காய் என்று பார்க்க, நான் கறிக்கு வைத்திருந்த பதினொரு தேங்காய்களையும் முற்றத்தில் மோதி உடைத்தார். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சம்பல்தான். "கேட்டதை அப்பிடியே எழுதிறதெண்டால் நாங்கள் என்னத்துக்கு, ரீச்சர்?" என்பார்.

விளையாட்டுகளின் தோற்றம் பற்றிய அத்தியாயத்தில் எல்லாம் முட்டுப்பட்டது. பெரும்பாலானவற்றுக்கு நேரே "தெரியாது" என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோடு கீறிய பெட்டிகளை, காவல் நிற்பவர்களின் கை படாமல் கடக்கும் கிளித்தட்டைப் பற்றிக் கேட்க மயிலிட்டிக்குப் போனோம். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிராமலே சொன்னார்: "அது ராசகுமாரியின்ரை கிளி பறந்துபோய்த் தோட்டத்துப் பாத்தியளுக்கை ஒளிச்சுதாம். காவல்காரர் ஓடி ஓடிப் பிடிச்சவையாம். எங்கடை அப்பு சொன்னவர்."

பல வருடங்களுக்கு முன் பாடசாலை விளையாட்டுப் போட்டியில், மழை விடும்வரை சனத்தை இருத்தி வைக்க, ஒலிவாங்கியில் நான் கட்டிவிட்ட கதை அது. அன்று பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் மாஸ்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "அது உங்கடை கற்பனையெண்டு முன்னுரையிலை எழுதுங்கோ, ரீச்சர். நாளைக்கே அச்சுக்குக் குடுப்பம்."

"ஊர் சிரிக்கும், மாஸ்டர்."

"ஓம், சிரிக்கும். பிறகு விட்டிடும்."

நான் எழுதவில்லை. அவர் விடவில்லை. ஒரேயொரு வரிக்காகப் புத்தகம் மூன்று வருடம் அவருடைய அலுமாரியில் கிடந்தது. எழுதிக்கொண்டிருந்த கடிதமும் அதைப் பற்றித்தான்.

செத்தவீட்டில் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பேசினார். இப்போது பெரிய அதிகாரி. கிளித்தட்டு அரசகுமாரியின் கிளியிலிருந்து வந்தது என்பதை ஆராய்ந்து கண்டறிந்தவர் அமரர் ஞானராசா என்றார். சனம் தலையாட்டியது. பெட்டிக்குள் கிடந்தவரால் எழும்பி மறுக்க முடியவில்லை. எழும்ப முடிந்த நான் கதிரையை விட்டு அசையவில்லை.

மூன்று வருடமாக என்னோடு அவ்வளவு சண்டை பிடித்தவர், அது என் பொய் என்று வேறொருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பொய் அவர் தலையில் விழுந்திருக்காது. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, அந்தக் கதை முழுவதும் நான் இட்டுக்கட்டியது. மாஸ்டர் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பியதில்லை. கிளித்தட்டு எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. முன்னுரையிலும் இதையே எழுதிவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொல்லாத பிடிவாதத்தைத்தான். அதை மூன்று வருடம் முந்தி எடுத்திருந்தால், புத்தகத்தை அவருடைய கையிலேயே கொடுத்திருப்பேன்.