செல்லமுத்து பிரித்து வைத்த மூன்று எலிகள்

எருமப்பட்டிச் செல்லமுத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர். இப்போது சேலத்துக்கு அருகே ஓர் ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கிறார். ரோமமே இல்லாத இளஞ்சிவப்பு எலிகள். காற்றை வடிகட்டும் பொறியின் முனகலில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் துயிலும்போது, அந்த அறையே நீருக்கடியில் மிதப்பதாகத் தமக்குத் தோன்றும் என்பார்.

அங்கே இரண்டு கூண்டுகள் இருந்தன. முதற்கூண்டு எலிகளின் தோலடியில், மனிதச் சிறுநீரகப் புற்றுக்கட்டியின் துணுக்கை ஆய்வாளர் கோகிலவாணி பதித்திருந்தார். மற்றக் கூண்டு எலிகளுக்கு வெறும் கீறல் மட்டும். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே, அது இரத்தத்தில் கசியவிடும் ஆன்டிஜென் என்னும் பொருளைக் கண்டறிய முடியுமா என்பதே அவருடைய மூன்றாண்டுக் கேள்வி. காதில் அடையாளம் இடுவது திங்கட்கிழமை. அதுவரை எந்த எலி எந்த வகை என்பதற்குக் கூண்டில் தொங்கும் அட்டையே சான்று.

ஞாயிறு காலை மூன்று எலிகள் சோர்ந்திருந்தன. பண்ணையில் சோர்ந்த கோழியை உடனே பிரித்து வைப்பார்கள். செல்லமுத்துவின் கை அந்தப் பழக்கத்திலேயே மூன்றையும் புதுக் கூண்டுக்கு மாற்றிவிட்டது. பிறகு எண்ணிப் பார்த்தார். முதற்கூண்டில் இரண்டு குறைவு, மற்றதில் ஒன்று. எது எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கோழியா இருந்தா ரெக்கையப் பாத்தே சொல்லிருவீங்க" என்றார் அன்றிரவு வீட்டில் மனைவி சௌந்திரம். "ஆய்வகத்துல சொன்னா வேலை போயிருமுங்க."

"சொல்லாட்டி அந்தப் புள்ளையோட மூணு வருசம் போயிருமே."

மறுநாள் சொல்லிவிட்டார். கோகிலவாணி புதுக் கூண்டைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"பண்ணையில பிரிச்சு வெச்ச கோழி பொழைக்குமாண்ணா?"

"பாதி பொழைக்குமுங்க."

"மீதி?"

"மொதலாளி ஊட்டுக் கொழம்புக்குப் போயிருமுங்க."

கோகிலவாணி சிரிக்கவில்லை. மூன்று வால்களிலிருந்தும் துளித்துளியாக இரத்தம் எடுத்தார். பிற்பகலில், அந்த இரத்தம் இட்ட சிறு குழிகள் கொண்ட தட்டில், ஆன்டிஜென் இருந்தால் நீலமாகும் இறுதித் திரவத்தை விட்டார். இருவரும் குனிந்து காத்திருந்தனர். விடியல் வானம்போல் ஒரு குழியில் நீலம் மெல்ல எழுந்தது, பின்னர் இன்னொன்றில். மூன்றாவது தெளிந்தே கிடந்தது. தடவிப் பார்த்தபோதோ, எந்த எலியிலும் கட்டி தட்டுப்படவில்லை.

"இந்த மூணையும் ஆய்வுல சேர்க்க முடியாதுண்ணா" என்றார் கோகிலவாணி, நீலத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா அட்டையே இல்லாம ரத்தம் சொல்லிருச்சு."

"அப்ப நான் நாளைக்கு வரலாமுங்களா?"

"இப்பவே வாங்க. மத்த எலிகளுக்குக் காதுல அடையாளம் போடணும். நீங்க புடிச்சுக்குங்க."